நாற்பத்தொரு ஜாடிகளில் ஒரு குவார்ட்டெட்

நெதர் விட்கோம்,
ஹெரஃபர்ட்ஷர்.
25 ஜூன் 1974

அழகும் அறிவும் அடக்கமும் (மூன்றும் தாய்மாமன் வழியாக வந்தவை) ஒருங்கே பெற்ற என் மருமகள் ஃபிலிப்பாவுக்கு, ஓய்வுபெற்ற பல் வைத்தியரும் நால்வர் வாத்தியக் குழுவான நெதர் விட்கோம் குவார்ட்டெட்டின் ஈடு இணையற்ற செல்லோ வித்வானுமாகிய உன் லயனல் மாமா எழுதுவது. இங்கே நானும் உன் மில்லிசென்ட் அத்தையும் சுகம். சுகமில்லாதவை என் இடது கை விரல்கள் நான்கும், என் நற்பெயரும் மட்டுமே. லீட்ஸில் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் அதைப் பிறகு தெரிவிக்கவும். இந்தக் கடிதத்தில் எனக்கே இடம் போதாது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கூடத்தில் நடந்த கச்சேரியைப் பற்றி உன் அம்மா உனக்கு எழுதிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். என் தங்கை உண்மை மட்டுமே பேசுகிறவள். ஆகவே அவள் எழுதியதில் ஒன்றும் இருக்காது. நடந்ததை நான் சொல்கிறேன். செல்லோவின் வில்லின் மேல் வலது கையை வைத்துச் சத்தியம் செய்கிறேன் ஃபிலிப்பா: நான் சொல்லப்போவதை இந்தத் தீவில் ஒரு ஜீவன்கூட நம்பாது. நீயும் நம்பமாட்டாய். நம்பாதவர்களுக்குச் சொல்வதில் இருக்கிற சுகமே தனி, பல் பிடுங்கும்போது வலிக்காது என்று முப்பது வருடம் சொன்ன எனக்கு அது தெரியும்.

எல்லாம் மார்ச் மாதம் ஒரு காலைச் சாப்பாட்டில் தொடங்கியது. வீட்டில் ஆரஞ்சு மார்மலேட் தீர்ந்துபோய், நான் அலமாரியின் பின்வரிசைக்குள் தலையை விட்டுத் துழாவியதில், தேவாலயத் திருவிழாவில் போன கோடையில் வாங்கிய கூஸ்பெரி ஜாம் ஒன்று அகப்பட்டது. மிஸ் ஹெஸ்டர் பாலண்ட் செய்த ஜாம். குளக்கரைக்கு அப்பால் தனியாக இருக்கிறாரே, எண்பத்திரண்டு வயது, ஒரு காது மந்தம், ஒருவரோடும் அதிகம் பேசமாட்டார், அவர்தான். ஜாடியின் வாயை வட்டமாக வெட்டிய காகிதத்தால் மூடி நூலால் கட்டியிருந்தது. நூலை அவிழ்த்தேன். ஜாமை ஒரு கரண்டி வாயில் போட்டேன். ஃபிலிப்பா, அந்தப் புளிப்பை வர்ணிக்க ஆங்கில மொழிக்குச் சக்தியில்லை. முப்பது வருடம் நான் பிறர் வாயில் செய்ததை எல்லாம் அது ஒரே நொடியில் எனக்குத் திருப்பிச் செய்தது. கண்ணில் நீர் வழியக் காகிதத்தைப் பார்த்தால், அதில் கையால் எழுதிய இசைக் குறிகள்! வட்டமாக வெட்டியதில் மேல் வரியும் கீழ் வரியும் நறுக்குப்பட்டு, நடுவில் ஏழு தாளக் கட்டங்கள் மட்டும் முழுசாக இருந்தன. விளையாட்டாக அதைச் செல்லோவில் வாசித்துப் பார்த்தேன்.

அந்த இடத்தில் உன் மாமா ஒரு கணம் பொய் சொல்வதை நிறுத்திவிட்டான் என்று வைத்துக்கொள். ஏழே கட்டங்கள். பக்கத்து அறையிலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்து, வேண்டாம், தொந்தரவு செய்யக்கூடாது என்று பாதியில் நிறுத்திக்கொண்டதுபோல இருந்தது. எழுந்து போய்ப் பக்கத்து அறையைப் பார்த்தேன். யாரும் இல்லை. உன் அத்தை மட்டும் மாடிப்படியில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். "என்னங்க அது? இன்னொரு தடவை வாசிங்க" என்றாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் என் செல்லோவைப் பார்த்து இன்னொரு தடவை என்று அவள் சொன்னது அதுவே முதல்.

அன்றே மிஸ் பாலண்ட் வீட்டுக்குப் போய், இந்த இசை யாருடையது என்று கேட்டேன். சமையல் சரக்கு அறையைத் திறந்து காட்டினார். மாவு டப்பாவுக்கும் உருளைக்கிழங்கு மூட்டைக்கும் நடுவே மஞ்சளான காகிதக் கட்டுகள், பக்கத்தில் கத்தரிக்கோல். ஐந்து குவார்ட்டெட்டுகள், நான்கு வாத்தியத்துக்கான இசை, அவரே எழுதியவை! 1920களில் முதல் இரண்டை லண்டனில் வாசித்தார்களாம், பத்திரிகையில் நாலு வரி வந்ததாம். ஐந்தாவதை 1939 இலையுதிர் காலத்தில் வாசிக்க ஏற்பாடாகியிருந்ததாம். யுத்தம் வந்து அரங்கத்தையே பூட்டிவிட்டார்கள். நான்கு வாத்தியத்தையும் சேர்த்து எழுதிய முழுப் பிரதி ஒரு பதிப்பகத்துக்குப் போனது, போனதுதான். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனியாக எழுதியவை மட்டும் இங்கே மிச்சம்.

"இதைப் போய் ஏம்மா வெட்டுறீங்க?" என்றேன்.

"கெட்டிக் காகிதம் டாக்டர். ஈரம் இறங்காது. இப்ப விக்கிற காகிதத்துல மூணே மாசத்துல பூசணம் பிடிக்குது."

"யுத்தம் முடிஞ்சு இருபத்தொம்பது வருஷம் ஆச்சே! அப்புறம் யாரும் வாசிக்கலையா?"

"யாரும் கேக்கல. நானா போய்ச் சொல்றது மரியாதையா இல்ல."

"அப்ப ஐந்தாவதை நீங்களே கேட்டதில்லையா?"

"தலைக்குள்ள கேட்டிருக்கேன். தலைக்குள்ள எல்லாமே நல்லாத்தான் இருக்கும்."

நான் மண்டியிட்டேன், கதறினேன், உருளைக்கிழங்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு எழமாட்டேன் என்றேன். கடைசியில் அவர் கத்தரிக்கோலை ஆணியில் மாட்டிவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு தடவை காதால கேக்கறேன். தலைக்குள்ள கேட்டது வெளியிலயும் இருந்தா, இதெல்லாம் அலமாரியில கிடக்கட்டும். இல்லேன்னா, செப்டம்பர்ல டாம்சன் பழம் பழுக்குது, ஜாம் போட்டு மூடணும். நாலாவது, மூணாவது, எல்லாத்தையும் வெட்டிடுவேன். அப்புறம் நீங்க வந்து அழக்கூடாது." சரி என்றேன். ஐந்தாம் குவார்ட்டெட் என்று ஒரு பழைய கட்டைச் சுட்டினார். அதில் மூன்றே மூன்று வாத்தியங்களின் தாள்கள் இருந்தன. நான்காவது நழுவி விழுந்திருக்கும் என்று பக்கத்துக் கட்டிலிருந்து வயலினின் அண்ணனான வயோலாவின் தாள்களை நானே உருவிச் சேர்த்துக்கொண்டேன். நான்கு வாத்தியத்துக்கும் தாள், கணக்குச் சரி! என் ஜாடியை மூடியிருந்த காகிதம் எதிலிருந்து வெட்டியது என்று கேட்க இந்த மேதைக்குத் தோன்றவில்லை.

இனி எங்கள் குழுவைக் கேள். முதல் வயலின், தபாலாபீஸ் லெட்டிஸ் க்ராக்ஸ்டன்; தபால் முத்திரை குத்துகிற அதே வேகம். இரண்டாம் வயலின், பாதிரியார் ஆம்ப்ளர். வயலினை அவர் பிடிப்பது குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதுபோலவே இருக்கும், அதுவும் அதேபோல அழும். வயோலா, வில்ஃப் டக்கெட். பன்றிப் பண்ணைக்காரர், ஒவ்வொரு விரலும் என் மணிக்கட்டுப் பருமன், ஆனால் வில்லை எடுத்தால் வெண்ணெய். செல்லோ யார் என்று உனக்கே தெரியும். செவ்வாய்க்கிழமைதோறும் பாதிரியார் வீட்டு வரவேற்பறையில் ஒத்திகை, பதினொரு வாரம்.

முதல் வாரமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. நாங்கள் மேற்கே போனால் வில்ஃப் கிழக்கே போனார். நாங்கள் அழுதால் அவர் துள்ளினார். நாங்கள் மூவரும் முடித்த பிறகு, வில்ஃப் மட்டும் தன்னந்தனியாக இன்னும் இரண்டு நிமிடம் வாசித்துக்கொண்டிருப்பார். நாங்கள் துக்க வீட்டில் உட்கார்ந்ததுபோலத் தலையைக் குனிந்துகொண்டிருப்போம். நவீன இசை அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன். எங்கள் ஊர் வழக்கம் உனக்குத் தெரியுமே, ஒருவர் காலை ஒருவர் மிதித்தால் மிதிபட்டவர்தான் மன்னிப்புக் கேட்பார். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் "மன்னிக்கணும், என் தப்பு" என்று லெட்டிஸ், "இல்லவே இல்ல, என் தப்பு" என்று பாதிரியார், "சே, நான்தான்" என்று நான், "மன்னிச்சிருங்க" என்று வில்ஃப். பிறகு டீ, பிஸ்கட்டு.

ஒரே ஒரு தடவை லெட்டிஸுக்குப் பொறுமை போய், "வில்ஃப், பன்னித் தொட்டியில தவிடு கொட்டுற மாதிரியே வாசிக்கிறியே" என்றாள்.

"என் பன்னிங்க முன்னாடி வாசிச்சா கண்ணை மூடிக் கேக்குதும்மா. உங்க வயலினைக் கேட்ட அன்னிக்குத்தான் தவிடே திங்கல."

"மன்னிக்கணும்" என்றாள் லெட்டிஸ் உடனே.

"ஐயோ, நீங்க மன்னிக்கணும்" என்றார் வில்ஃப். அதோடு மறுபடியும் எல்லோரும் நல்லவர்களாகிவிட்டோம்.

கச்சேரி நாள் வந்தது. ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. கூடத்தில் நானூறு பேர், ஜன்னலில் தொங்கியவர்கள் தனி. வெல்ஷ் எல்லைவரைக்கும் சாலையில் வண்டிகள் நின்றன. முன்வரிசையில் மிஸ் பாலண்ட், நல்ல காதை எங்கள் பக்கம் திருப்பி, கையுறை போட்ட கைகளை மடியில் கோத்து. முப்பத்தைந்து வருடமாகத் தலைக்குள் மட்டும் வைத்திருந்ததை இப்போது காதால் கேட்கப்போகிறவர். ஆரம்பித்தோம். நாங்கள் மேற்கே போனோம், வில்ஃப் கிழக்கே போனார். கூரையிலிருந்த புறாக்கள் குடிபெயர்ந்தன. முதல் பகுதியை மூவரும் முடித்தோம். வில்ஃப் வழக்கப்படி தனியாகத் தொடர்ந்தார். கூட்டம் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. அவரும் முடித்ததும் எல்லோரும் அழகாகக் கைதட்டினார்கள். மிஸ் பாலண்ட் தட்டவில்லை. எழுந்து நேரே வில்ஃபிடம் வந்தார்.

"மிஸ்டர் டக்கெட், நீங்க வாசிக்கிறது என்னோட நாலாவது."

"ஆமாங்கம்மா" என்றார் வில்ஃப். "அட்டையிலயும் நாலுன்னுதானே போட்டிருக்கு. மத்தவங்க மூணு பேரும்தான் வேற எதையோ வாசிக்கிறாங்க. ஏப்ரல்லயே தெரியும். சொன்னா அவங்க மனசு சங்கடப்படுமேன்னு விட்டுட்டேன்."

"எனக்கும் ஏப்ரல்லயே தெரியும்" என்றாள் லெட்டிஸ். "ஒருத்தர் முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது?"

"நான் இதுக்காக ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்" என்றார் பாதிரியார், வயலினைப் பார்த்தபடி.

பதினொரு வாரம்! நால்வரில் ஒன்றும் தெரியாமல் இருந்த ஒரே ஆள், அன்று அந்தக் கூடத்திலேயே மிகப் பெரிய வாத்தியத்தை வைத்திருந்தவன். செல்லோவுக்குப் பின்னால் எவ்வளவு ஒளியலாமோ அவ்வளவு ஒளிந்தேன். "அப்ப ஐந்தாவதோட வயோலா எங்கம்மா?" என்று அங்கிருந்தே கேட்டேன்.

"போன வருஷத்துக் கூஸ்பெரி மேல" என்றார் மிஸ் பாலண்ட். "பரவாயில்ல டாக்டர். அதெல்லாம் தின்னு, மூடியைக் குப்பையில போட்டிருப்பாங்க. நீங்க எல்லாரும் சிரமப்பட்டிருக்கீங்க. நன்றி." கையுறையை இழுத்துச் சரிசெய்துகொண்டு வாசலை நோக்கித் திரும்பினார். அவ்வளவுதான், ஐந்து குவார்ட்டெட்டும் டாம்சன் ஜாமுக்குப் போயின.

அப்போதுதான் எங்கள் ஊர்ச் சரித்திரத்திலேயே முதல்முறையாக ஒரு மனிதர் மரியாதை தவறினார். தேவாலயப் பாதிரியாரே எழுந்து, முகம் பீட்ரூட் நிறத்துக்குப் போக, "மிஸ் பாலண்ட், உங்க ஜாமை நான் தின்னதே இல்ல. வாங்குவேன். ஒருநாளும் தின்னதில்ல" என்று கூவினார். பிறகு கூடம் முழுவதும் பாவ அறிக்கைகள். "நானும்!" "எங்க வீட்டுலயும் பின்வரிசையிலதான்!" "ரொம்பப் புளிப்பும்மா, மன்னிக்கணும்!" ஒருவரும் தின்னவில்லை ஃபிலிப்பா! தூக்கி எறிவது அவமரியாதை என்று ஒருவரும் எறியவும் இல்லை! ஊரின் ஒவ்வொரு அலமாரியிலும், நூல் அவிழாமல், மூடி கசங்காமல், வருடம் முழுக்க அது காத்திருந்தது.

"ஒண்ணுகூடவா திறக்கல?" என்றார் மிஸ் பாலண்ட்.

"நான் ஒரு கரண்டி தின்னேம்மா" என்றேன்.

"எப்படி இருந்தது?"

"மன்னிக்கணும்" என்றேன்.

பிறகு நடந்த ஓட்டத்தை ஒலிம்பிக்கில்கூடக் காணமுடியாது. நானூறு பேரும் வீட்டுக்கு ஓடி, கால் மணியில் நாற்பத்தொரு ஜாடிகளோடு திரும்பினார்கள். டீ வைக்கிற நீள மேசைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் போட்டோம். மிஸ் பாலண்ட் ஒவ்வொரு ஜாடியையும் ஒரு பார்வை பார்த்து, "இது மூணாவது, இது பதினேழு, இது கடைசி" என்று வரிசையாக நகர்த்தினார். என் சட்டைப் பையிலிருந்த காகிதத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்து, நடுவில் வைத்தார். வில்ஃப் வயோலாவைத் தாடையில் இடுக்கிக்கொண்டு, மேசை நெடுகப் பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து, ஜாடிக்கு ஜாடி நடந்தபடியே வாசித்தார். முதல் பகுதி காகிதத்தின் மேல்புறம். இரண்டாம் பகுதிக்கு மூடிகளைத் திருப்பவேண்டும். திருப்பினால் அடியில் ஜாம். ஹெரஃபர்ட்ஷரின் குளவிகள் அத்தனையும் அழைப்பிதழ் வந்ததுபோல வந்து இறங்கின. சில சுரங்களின் மேல் ஜாம் இருந்தது, சிலவற்றின் மேல் குளவி இருந்தது, வில்ஃப் இரண்டையும் வாசித்தார். ஆனால் வட்டமாக வெட்டியதில் மூலைகள் போய்விட்டனவே, அவை எப்போதோ அடுப்புக்குப் போயின. ஒவ்வொரு ஜாடிக்கும் அடுத்த ஜாடிக்கும் நடுவே இசை அறுந்து தொங்கியது. மூன்று ஜாடி அப்படிப் போயிற்று. நான்காவதில், வில்ஃபின் பக்கத்தில் மிஸ் பாலண்ட் வந்து நின்றார். இல்லாத சுரங்களைப் பாடினார்.

குரல் என்று சொல்லமுடியாது. கதவிடுக்கில் காற்று வருமே, அப்படி. அது போதுமாக இருந்தது. வில்ஃப் நடக்க, மிஸ் பாலண்டும் கூடவே நடக்க, காகிதம் முடிகிற இடத்தில் அவர் தொடங்கி, காகிதம் தொடங்குகிற இடத்தில் விட்டுக்கொடுத்தார். மெதுவாகப் போகிற இரண்டாம் பகுதியில் நான் அடித் தந்தியில் ஒரே சுரத்தைப் பதினாறு கட்டம் நீட்டிக்கொண்டிருக்கவேண்டும். பதினொரு வாரமாக அங்கே எனக்குத் தூக்கம்தான் வந்தது. இப்போது அந்தச் சுரத்தின் மேல் வயோலா வந்து நின்றது. அதன் மேல் பாதிரியார், அதன் மேல் லெட்டிஸ். இத்தனை நாளும் நான் தரை மட்டும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் ஃபிலிப்பா. அதன் மேல் ஒரு வீடு இருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. என் ஏழு கட்டங்கள் வந்தபோது, பக்கத்து அறையிலிருந்து பாதியில் நிறுத்திக்கொண்ட அந்தக் குரல், இந்தத் தடவை நிறுத்தவில்லை. முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டது. லெட்டிஸின் கன்னத்தில் ஒரு குளவி உட்கார்ந்திருந்தது. அவள் அதை விரட்டவில்லை. முப்பத்தைந்து வருடம் இது ஒரு கிழவியின் தலைக்குள் மட்டும் இருந்திருக்கிறது, நாங்கள் தினமும் அவருக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருக்கிறோம்!

முடிந்ததும் என்ன நடந்தது என்கிறாய்? தேவாலய மணிகள் ஆளில்லாமல் தாமாக அடித்தன. நாற்பது பசுக்கள் வேலியோரம் வந்து மண்டியிட்டன. பெய்துகொண்டிருந்த மழை நாணித் திரும்ப மேலே போயிற்று. இரண்டு மாவட்டம் தள்ளி ஒரு பிஷப், காரணம் தெரியாமலே எழுந்து நின்றாராம். மிஸ் பாலண்ட் தாரைதாரையாகக் கண்ணீர் விட்டு, எங்கள் நால்வரையும் ஒரே அணைப்பில் கட்டிக்கொண்டு, "போதும், இனி நான் நிம்மதியா கண்ணை மூடலாம்" என்றார். நானூறு பேரும் அவரைத் தோளில் சுமந்து குளத்தை மூன்று முறை சுற்றி வந்தார்கள்.

இவ்வளவுதான். நீயும் உன் வீட்டுக்காரரும் நோய் நொடியின்றி, பல் சொத்தையின்றி, பதினாறும் அதற்கு மேலும் பெற்று வாழ்வீர்களாக. உன் மாமியாருக்கு என் வணக்கத்தை அளவாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் புகழ்வாய்ந்த மாமா,
லயனல்

பின்குறிப்பு: உன் அத்தை இதைத் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டாள். "ஏங்க, இதுல ஒரு வரியாவது நடந்ததா? புள்ளைக்கு உண்மையை எழுதுங்க" என்று பேனாவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள். எழுதுகிறேன். ஜாடிகள் நாற்பத்தொன்று அல்ல, பதினான்கு. கூட்டம் இருபத்திரண்டு பேர், தூங்கியவர்களையும் சேர்த்து. வில்ஃப் நடக்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தே வாசித்தார். மூடிகளை ஒவ்வொன்றாக அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தது உன் அம்மா, அதை அவள் உனக்கு எழுதியிருக்கமாட்டாள். குளவி இரண்டு. பசு ஒன்று, அதுவும் வேலியில் இருந்த பூவுக்காக வந்தது. மணி அடிக்கவில்லை, டீ கொதித்த சத்தம். மழையே இல்லை. மிஸ் பாலண்ட் அழவும் இல்லை, யாரையும் கட்டிக்கொள்ளவும் இல்லை, கண்ணை மூடுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவும் இல்லை. முடிந்துவிட்டதா என்று தெரியாததால் மரியாதை கருதி ஒருவரும் கைதட்டவில்லை. மிஸ் பாலண்ட் என் பக்கம் திரும்பி, "நடுப்பகுதியில நாலு கட்டம் அதிகம். பென்சில் இருக்கா டாக்டர்?" என்று கேட்டார்.

இது மட்டும் உண்மை. பென்சிலைக் கொடுத்தேன். நேற்றுக் காலை அதைத் திரும்ப வாங்கப் போனேன். கதவு திறந்திருந்தது. சமையலறை மேசையில் இசைக் காகிதத்தின் மேல் பென்சிலோடு குனிந்திருந்தவர் தலையைத் தூக்காமலே, "உக்காருங்க, இன்னும் முடியல" என்றார். சத்தம் போடாமல் உட்கார்ந்தேன்.